முடிச்சோடு போன சேலை

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது எங்கள் வீட்டுக்கு நான் மூன்று சட்டங்கள் போட்டேன். தேவைப்படாத எதையும் வாங்கக் கூடாது. வாங்குவதானால் அதைச் செய்த ஆள் யார் என்று தெரிந்து வாங்க வேண்டும். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வருகிற எதுவும் எங்கள் வாசற்படி ஏறக் கூடாது. சாப்பிட உட்கார்ந்திருந்த அப்பாவிடமும் பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவிடமும் இதை ஒரே மூச்சில் அறிவித்துவிட்டு, எதிர்ப்பு ஏதும் உண்டா என்பதுபோல் இருவரையும் பார்த்தேன்.

அப்பா ரசத்தை உறிஞ்சினார். அம்மாதான் கேட்டாள்.

"அப்ப கருவேப்பில?"

"கருவேப்பிலைக்கு என்ன?"

"காய் வாங்குனா அந்தம்மா ஒரு கொத்து ஓசியாத்தான குடுக்குது. நாளையிலருந்து அதையும் வாசப்படி ஏத்தக் கூடாதுல்ல. ரசத்துக்கு உன் சட்டத்தக் கிள்ளிப் போட்டுத் தாளிச்சுக்கிறேன்."

கொசுறு வேறு, இலவசம் வேறு என்று அங்கேயே சட்டத்தைத் திருத்தினேன். கொசுறு கொடுப்பவரின் மனசிலிருந்து வருவது, இலவசம் கொடுப்பவரின் கணக்கிலிருந்து வருவது என்று விளக்கமும் சொன்னேன். "நல்லாத்தான் பேசுற," என்று அம்மா என் தட்டில் ஒரு அப்பளத்தைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். இந்த வீட்டில் அப்பளம் என்பது வாயை மூடு என்பதன் மரியாதையான வடிவம்.

இந்த வியாதி எனக்குப் பேச்சுப் போட்டியிலிருந்து தொற்றியது. நுகர்வுக் கலாசாரம் என்று தலைப்பு கொடுத்திருந்தார்கள். நூலகத்தில் உட்கார்ந்து படிக்கப் படிக்க எனக்கு ஊரே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. அப்போதெல்லாம் திண்டுக்கல்லில் கல்யாணம் இல்லாத மாதங்களில் மண்டபங்களுக்குள் கண்காட்சி விற்பனை புகுந்துகொள்ளும். பழைய மிக்ஸியைக் கொடுத்துப் புது மிக்ஸி வாங்கிக்கொள்ளலாம், நாளையே கடைசி நாள் என்று ஒரு ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கத்திப் போகும். மாதம் முழுக்க அது நாளையே கடைசி நாள்தான். எங்கள் எதிர்வீட்டு அத்தையிடம் கொடுப்பதற்குப் பழைய மிக்ஸி இல்லை. அதனால் பேட்டை பழைய இரும்புக் கடையில் ஒரு செத்த மிக்ஸியை விலை கொடுத்து வாங்கி, அதைக் கொடுத்துப் புதுசு வாங்கிவந்தார். நான் இதைப் போட்டியில் சொன்னபோது நடுவர்கள் சிரித்துவிட்டார்கள். இரண்டாம் பரிசு கிடைத்தது. பரிசு, ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி, உள்ளே பிளாஸ்டிக் ரோஜாக்களோடு. நிலக்கோட்டையிலிருந்து விடிகாலையில் மல்லிகை மூட்டைகள் வந்திறங்குகிற பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதன் பிறகு கடையில் எதைப் பார்த்தாலும் எனக்கு அதன் பின்னால் ஒரு ஆள் தெரிந்தார். தோல் செருப்பை விட்டுவிட்டு டயர் செருப்புக்கு மாறினேன். நான் நடந்துபோன மண்ணில் பதிந்த டயர் தடத்தைப் பார்த்துவிட்டு, "மொபெட்ட எங்கடி நிறுத்திட்டு வந்த?" என்று தோழிகள் கேட்டார்கள். கல்யாணமாகிப் போன அக்காவின் சுடிதார்களைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டேன். அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். எதையும் வாங்காமல் இருக்க அவருக்குக் கொள்கை எதுவும் தேவைப்படவில்லை. கடைக்குப் போவதை மறந்துவிட்டாலே போதும் என்பது அவருடைய வழி. ஆக, வீட்டில் என் சட்டத்துக்கு எதிரி அம்மா ஒருத்திதான். அவளும் கருவேப்பிலை விஷயத்தில் ஜெயித்துவிட்டதால் பெருந்தன்மையாக விட்டுவிட்டாள்.

அக்காவுக்குத் தலை தீபாவளி வரும்வரைக்கும்.

அக்காவை அந்த வருடம் வைகாசியில்தான் ஒட்டன்சத்திரத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமனாருக்குக் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் மண்டி. வீட்டில் சத்தம் மாமியாருடையது. அவருக்கு இரண்டு மருமகள்கள். மூத்தவளுக்குப் பிறந்த வீடு கோயம்புத்தூர்ப் பக்கம். அவர்கள் வீட்டிலிருந்து தலை தீபாவளிக்கு மாமியாருக்கு வந்த பட்டுச்சேலை பெட்டியோடு வந்ததாம், அந்தப் பெட்டிக்குள்ளேயே விளக்கு எரியுமாம். இதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குச் சரியாகத் தூக்கமில்லை.

அக்காவின் கவலை வேறு. அவள் பி.எட். முடித்தவள். ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தை மாதத்திலிருந்து கணக்கு டீச்சர் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மாமாவுக்குச் சம்மதம். மாமியாரிடம் இன்னும் கேட்கவில்லை. அந்த வீட்டில் இதுவரை எந்த மருமகளும் வேலைக்குப் போனதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"தீபாவளி முடிஞ்சு, அத்தை நல்ல மனசுல இருக்கையில கேக்கலாம்னு இருக்கேன். அதுவரைக்கும் நம்ம வீட்டுப் பக்கமிருந்து ஒண்ணும் கோணலா வந்துரக் கூடாது. வந்துச்சு, என் வேலை அம்புட்டுத்தான்."

"இங்கருந்து என்னக்கா கோணலா வரப் போகுது?"

"நீ இருக்கியேடி."

தலை தீபாவளிக்கு அழைக்கப் போகும்போது சம்பந்தி வீட்டாருக்குத் துணிமணி எடுத்துக்கொண்டு போக வேண்டும். அம்மா மதுரைக்குப் போய் மாடி மாடியாக ஏறி இறங்கும் கடையில் பட்டு எடுக்கத் திட்டம் போட்டாள். நான் குறுக்கே விழுந்தேன். சின்னாளபட்டியில் கையால் முடிச்சுப் போட்ட சுங்கடிச் சேலை எடுக்கலாம் என்றேன். பக்கத்து ஊர், போட்ட கை யாருடையது என்று நேரில் பார்த்து வாங்கலாம், பட்டுப்பூச்சியும் சாகாது, பெட்டியில் விளக்கும் எரிய வேண்டாம்.

"சம்பந்தியம்மாளுக்குப் பருத்தியா?" என்று அம்மா இழுத்தாள்.

"அச்சுப் போட்டதில்லம்மா. கைமுடிச்சு. இப்ப அது கிடைக்கிறதே பெருசு."

கிடைப்பதே பெருசு என்றதும் அம்மாவின் முகத்தில் ஒரு யோசனை ஓடியது. மதுரைக் கூட்டத்தை நினைத்து ஏற்கனவே சோர்ந்துபோயிருந்த அப்பா, "புள்ள சொல்றதும் சரியாத்தான் படுது," என்றார். அக்காவிடம் கேட்டோம். அவள், "கலர் மட்டும் கரும்பச்சை வேணாம். அத்தைக்கு ஆகாது," என்றாள்.

சின்னாளபட்டியில் விசாரித்துக்கொண்டு போன வீட்டில், முடிச்சுப் போடுகிற அக்கா மடியில் துணியை வைத்துக்கொண்டு டி.வி. நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். கண் டி.வி.யில் இருந்தது. விரல் மட்டும் துணியில் ஒரு நுனியைக் கிள்ளும், நூலைச் சுற்றும், இழுக்கும், அடுத்த நுனிக்குப் போகும். நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறாது. சாயத்தில் முக்கிக் காயவைத்துப் பிறகு நூலை அவிழ்த்தால் அத்தனை இடத்திலும் வெள்ளைப் புள்ளி. இதை நான் ஏற்கனவே படித்துவிட்டு வந்திருந்ததால் அவருக்கே விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் விளம்பரம் வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"யாருக்கு எடுக்கிறீக?"

"எங்க அக்கா மாமியாருக்கு."

"அப்ப நல்லதாத்தான் எடுக்கணும்," என்று எழுந்து போய், சாயம் போட்டு முடித்திருந்த ஒன்றைக் கொண்டுவந்தார். அரக்குச் சிவப்பு. முடிச்சு இன்னும் அவிழ்க்காததால் ஆறு கெஜமும் சுருண்டு முறுக்கிக்கொண்டு, பாகற்காய் வத்தல் மாதிரி கைக்குள் அடங்கி இருந்தது. "அவுத்துத் தரட்டுமா, அப்படியே வேணுமா?"

"அப்படியே குடுங்க," என்றேன். முடிச்சோடு இருந்தால்தானே அது கைமுடிச்சு என்பதற்கு அத்தாட்சி. அவிழ்த்துவிட்டால் அச்சுச் சேலைக்கும் இதற்கும் தூரத்தில் வித்தியாசம் தெரியாது.

வீட்டில் அம்மாவும் அதைத்தான் சொன்னாள். சேலையைத் தடவிப் பார்த்து, முடிச்சுகளை விரலால் நெருடி, "முடிச்சோட குடுக்கிறதுதான் மருவாதி. அவுத்துக் குடுத்தா ஏமாத்திட்டாய்ங்கன்னு நெனைப்பாய்ங்க," என்றாள். அப்பாவும் தலையாட்டினார். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். சுங்கடி என்றால் சுருங்கித்தான் வரும், இழுத்தால் விரியும் என்பது எங்களுக்குத் தண்ணீர் கீழே ஓடும் என்பதுபோலத் தெரிந்த விஷயம். பழனி ரோட்டில் ஒரு மணி நேரம் போனால் அது தெரியாத ஊர் வரும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒட்டன்சத்திரத்தில் எங்களை நன்றாகத்தான் வரவேற்றார்கள். கூடத்தில் பாய் விரித்திருந்தது. சின்ன மருமகள் வீட்டிலிருந்து தீபாவளிக்கு அழைக்க வந்திருக்கிறார்கள் என்று தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் முன்கூட்டியே வந்து இடம்பிடித்திருந்தார்கள். அக்கா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தட்டுகளை ஒரு பார்வை பார்த்தாள். பழம், வெற்றிலை, பலகாரம், மாமாவுக்குச் சட்டைத் துணி, மாமனாருக்கு வேட்டி. நடுத்தட்டில் வாழை இலையில் சுற்றி வைத்திருந்தது சேலை. வாழை இலை என் யோசனை. பெட்டி வேண்டாம் என்று சொன்னதும் நான்தான்.

மாமியார் இலையைப் பிரித்தார். சேலையைக் கையில் எடுத்தார். நுனியைப் பிடித்து உதறினார். உதறினால் விரிய வேண்டிய சேலை விரியவில்லை. முழங்கைத் தடிமனுக்கு ஒரு சிவப்புக் கயிறு மாதிரி தொங்கியது. உடம்பெல்லாம் சின்னச் சின்னக் கொப்புளங்கள்.

கதவோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாதான் அக்கறையாகக் கேட்டார்.

"ஏனுங்க, வர்ற வழியில மழையில நனைஞ்சு போச்சுங்களா?"

"மழையெங்கீங்க பேஞ்சுது? துவைச்சுச் சுருங்குனதாட்ட இருக்குதுங்க," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

மூத்த மருமகள் மெல்ல எட்டிப் பார்த்தாள். "பரவால்லீங்க அத்தை. நம்ம கொழந்தைக்குப் பாவாடையாக் கட்டி உட்ரலாங்க," என்றாள்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சமையலறை நிலைப்படியில், காபித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். தை மாதம், கணக்கு டீச்சர், பள்ளிக்கூட மணி எல்லாம் அவள் முகத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போவது தெரிந்தது. அப்பா ஜன்னலுக்கு வெளியே தெரிந்த ஒரு லாரியின் சக்கரத்தை ஆழ்ந்து கவனித்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து நின்று பேச ஆரம்பித்தேன். வேறென்ன செய்வது, எனக்குத் தெரிந்தது அதுதான். கை உழைப்பு, ஆலைத் துணி, தேவைக்கு மேல் உற்பத்தி என்று வரிசையாக வந்தது. இரண்டாம் பரிசு வாங்கிய அதே பேச்சு. தெருப் பெண்கள் கோவில் பிரசங்கத்துக்கு உட்கார்ந்ததுபோல் மரியாதையாகக் கேட்டார்கள். மாமியார் கையில் சேலை அப்படியே தொங்கியது.

"ஏய், நிறுத்துடி," என்றாள் அக்கா. காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, மாமியார் கையிலிருந்த சேலையின் ஒரு முனையை வாங்கினாள். "அந்தப் பக்கம் புடி. குறுக்கால இழு."

இரண்டு பேரும் இழுத்தோம். படபடவென்று நூல்கள் தெறித்தன. நெல் பொரிகிற மாதிரி ஒரு சத்தம். சுருங்கிக் கிடந்த இடம் ஒரு சாணுக்கு விரிந்து, அதற்குள் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக வெளியே வந்தன. பின்னாலிருந்த பெண்கள் முழங்காலில் எழுந்தார்கள். இன்னொரு இழுப்பு. இன்னொரு சாண். ஒரு நூல் துண்டு பறந்துபோய் மூத்த மருமகளின் காபியில் விழுந்தது.

"நிறுத்து கண்ணு, நிறுத்து," என்று மாமியார் கையைப் பிடித்தார். "இது என்னன்னு மொதல்ல சொல்லு."

அக்கா சொன்னாள். நான் பத்து நிமிடமாகச் சொல்லாததை அவள் மூன்று வாக்கியத்தில் சொன்னாள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் ஒரு பொம்பளை உட்கார்ந்து கையால் போட்டது. அவிழ்க்காமல் கொடுத்தால்தான் அது நிஜம் என்று தெரியும்.

மாமியார் சேலையை மடியில் போட்டுக்கொண்டு விரலால் முடிச்சுகளை நெருடினார். கதவோரத்து அம்மா, "நானொருக்கா இழுத்துப் பாக்கறனுங்க," என்று கை நீட்டினார். மாமியார் சேலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் இன்னைக்கே அவுத்துட்டா அப்பறம் எங்க தங்கச்சி வந்தா நான் எதைக் காட்டறது?"

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா தாராபுரம் ரோட்டுப் பிரிவு தாண்டியதும், "அவ மட்டும் இழுக்கலேன்னா இன்னைக்கு நம்ம கதை கந்தல்," என்றாள். என்னைத் திட்டவில்லை. அதுவே பெரிய தண்டனையாக இருந்தது.

அதற்கடுத்த வாரம் நடந்ததுதான் நான் எந்தப் புத்தகத்திலும் படிக்காதது. மாமியார் அந்தச் சேலையைக் கட்டவில்லை. பீரோவில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். மிகவும் வேண்டப்பட்டவர்களுக்கு மட்டும் நாலு முடிச்சு இழுக்க அனுமதி. மூத்த மருமகளின் அம்மா போனில் விசாரித்தாராம், அவருக்கு எட்டு முடிச்சு ஒதுக்கியிருப்பதாக மாமியார் சொன்னாராம். உபயோகத்துக்கென்று நான் தேடி வாங்கிய எளிய பருத்திச் சேலை, ஒட்டன்சத்திரத்தில் அந்த விளக்கெரிகிற பெட்டியைத் தோற்கடித்துவிட்டது. நுகர்வுக் கலாசாரத்துக்கு எதிராக நான் அனுப்பிய ஆள் அங்கே போய் அதற்கே தலைவராகிவிட்டார்.

அதற்கும் மேலே போனது. ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள்.

"அந்தச் சேலை எங்க தெருவுல எல்லாருக்கும் வேணுமாம்டி. தீபாவளிக்குள்ள. அத்தை வாக்குக் குடுத்துட்டாங்க. எங்க சின்னவ வீட்டுல ஒரு வார்த்த சொன்னா வந்துரும்னு."

"அக்கா, அவங்ககிட்ட ஏற்கனவே சேலை இல்லையா? எதுக்கு இன்னொண்ணு?"

"அதைக் கேக்கவா போன் பண்ணேன்? எனக்கு வேலை வேணும்டி. கொண்டாந்து சேரு."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "வாங்காத வாங்காதன்னு சொல்லியே ஊருக்கே வித்துட்டா எம்மக. மைக் கட்டுன ஆட்டோவால முடிஞ்சதா இது?"

சின்னாளபட்டிக்கு மறுபடி போனேன். முடிச்சுக்கார அக்கா இந்த முறையும் டி.வி. முன்னால்தான் இருந்தார். நாடகத்தில் யாருக்கோ கல்யாணம் நின்றுபோயிருந்தது. நான் ஆர்டரைச் சொன்னதும் நாடகத்தையே விட்டுவிட்டுச் சிரித்தார்.

"தீபாவளிக்குள்ளயா? எனக்கு என்ன பத்து கையா இருக்கு? பொங்கலுக்குள்ள ஒண்ணு, மிஞ்சிப் போனா ரெண்டு. அம்புட்டுத்தான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவசரம்னா ஒரு வழி இருக்கு. அச்சுச் சேலை அடுக்கடுக்கா கெடக்கு. அச்சுப் புள்ளி மேலயே நூலச் சுத்தி முறுக்கிக் குடுத்துருவோம். எங்க வீட்டுல நாலு பேரு உக்காந்தா நூலு மட்டும் சுத்திரலாம். இழுத்தா தெறிக்கும், புள்ளி அடியில இருக்கும். ஒரு பயலுக்கும் தெரியாது."

எனக்கு அந்த ஏற்பாட்டின் அழகு பிடித்துவிட்டது, அதைச் சொல்லத்தான் வேண்டும். எல்லாருக்கும் இழுக்க முடிச்சு கிடைக்கும், படபட சத்தம் கிடைக்கும், அக்காவுக்கு வேலை கிடைக்கும். வீட்டில் அம்மா, "வாங்கிட்டு வந்துரு. புள்ளைக்கு வேலைதான முக்கியம்," என்றாள். அக்காவும் போனில் அதையே சொன்னாள். அப்பா மட்டும் ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "நூல யாருக்குச் சுத்துறோம்னு பாத்துக்க ஆத்தா," என்றுவிட்டுத் துடைப்பதைத் தொடர்ந்தார்.

இரண்டு நாள் மனசு அங்கேயும் இங்கேயும் அலைந்த பிறகு, யாரிடமும் சொல்லாமல் ஒட்டன்சத்திரத்துக்குப் போன் போட்டேன். மாமியார்தான் எடுத்தார்.

"அத்தை, அந்தச் சேலை தீபாவளிக்குள்ள கிடைக்காதுங்க. கைமுடிச்சு அவ்வளவு சீக்கிரம் ஆகாது. அச்சுச் சேலைல சும்மா நூலைச் சுத்தித் தாரேன்னாங்க. நான் வேணாம்னுட்டேன்."

பின்னால், மாமனாரைத் தேடி வீட்டு வாசலுக்கு வந்த யாரோ தக்காளி விலையைக் கத்திக் கேட்பது கேட்டது. அக்காவின் வேலை என் காதுக்குள் உட்கார்ந்திருந்தது.

"எதுக்கு கண்ணு வேணாம்னே? எவளுக்குத் தெரியப் போகுது?"

"உங்க சேலைய நிஜம்னு சொல்லிக் குடுத்தோம்ல அத்தை. அதுக்குப் பக்கத்துல இத எப்படி வைக்கிறது? அப்பறம், எல்லாரும் தேவைன்னாத்தான் வாங்கணும்னு..."

"தேவைன்னு எவ கண்ணு சேலை வாங்கறா?" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. "மேல நல்ல தக்காளிய அடுக்கி அடியில சொத்தையப் போட்டுக் கொண்டார்றவன எங்க மண்டியில ரெண்டாந்தரம் ஏத்தறதில்ல. நீ வேணாம்னது சரிதான். தெருவுக்கு நான் சொல்லிக்கறேன்."

என்ன சொன்னார் என்பது பிறகு அக்கா மூலம் தெரிந்தது. "நெனச்ச நேரத்துக்குக் கெடைக்கறதுக்கு அதென்ன கத்திரிக்காயா? பொங்கலுக்கு ஒண்ணு வந்தாலே பெருசாமா," என்றாராம். கிடைக்காது என்று தெரிந்ததும் மாமியாரின் பீரோவுக்குக் கூட்டம் இன்னும் கூடியதாம். சில பேர் ஒரே வாரத்தில் ஆசை மாறி வேறு சேலைக்குப் போய்விட்டார்களாம். அக்கா மட்டும் என்மீது கடும் கோபத்தில் இருந்தாள். தன்னைக் கேட்காமல் அத்தையிடம் எப்படிப் பேசலாம் என்று. அவளுக்கு இன்னும் வேலை கேட்கும் தைரியம் வரவில்லை.

தீபாவளிக்கு அக்காவும் மாமாவும் வந்தார்கள். காலையில் தலையில் எண்ணெயோடு நாங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. மாமியார் எல்லாரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கங்கா ஸ்நானம் ஆச்சா என்று விசாரித்துவிட்டு, கடைசியில் என்னைக் கேட்டார். அக்கா கண்ணாலேயே என்னை எச்சரித்தாள்.

"கண்ணு, அந்த முடிச்சுப் போடற பொம்பளைகிட்ட ஒரு சேலை சொல்லி வெச்சுரு. பொங்கலுக்கு. கூட நாலு சாதாக் கைத்தறியும் எடுத்துரு. நீலத்துல ஒண்ணு இருக்கோணும்."

"அத்தை, யாருக்கு இவ்வளவு?"

"தேவைன்னா வாங்கலாம்னு நீதான சொன்னே. வேலைக்குப் போற புள்ளைக்கு அஞ்சு நாளைக்கு அஞ்சு சேலை தேவையில்லீயா?"

"எந்தப் புள்ளைக்கு அத்தை?"

"உங்கொக்காளுக்குத்தான். தை மாசம் பள்ளிக்கூடம் போறாளாமா. எங்கிட்டக் கேக்கறக்குத் தீபாவளி முடியோணும்னு காத்துட்டிருக்கறாளாமா. உங்க மாமன் போன வாரமே உளறிப்போட்டான். நீயாச்சும் நேராப் பேசுனே. அவளுக்கு அந்தத் தெம்பு எப்ப வருதுன்னு பாக்கறேன், சொல்லீராதே."

நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா எண்ணெய் வழியும் நெற்றியோடு, என்ன, என்ன என்று சைகை செய்துகொண்டிருந்தாள். மாமா திடீரென்று பட்டாசுப் பெட்டியில் எதையோ தேட ஆரம்பித்திருந்தார். போனில் மாமியார் இன்னும் முடிக்கவில்லை.

"இன்னொண்ணு கண்ணு. அவளோடத முடிச்சு அவுத்தே குடுத்தனுப்பச் சொல்லு. காலங்காத்தால பஸ்ஸப் புடிக்கற புள்ளைக்கு இழுத்துட்டு நிக்க நேரமேது."